நீண்ட வழி, நீண்ட இரவு

பேர்லேண்ட் மீனாட்சி கோயிலில் சுவாமி புறப்பாட்டுக்கு இன்னும் அரை மணி இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த நாகஸ்வரக்காரர் கார்கள் நிற்கும் பக்கம் நிழலில் நின்று, நாலைந்து நாணல் சீவாளிகளை ஒவ்வொன்றாக வாயில் ஊறவைத்து ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் படியவில்லை. மண்டபத்துக்குள் ஏசி, வெளியே ஹூஸ்டனின் கடலோர ஈரம். உள்ளே நாணல் காய்கிறது, வெளியே ஊறிப்போகிறது. தவில்காரருக்கு அதே ஈரத்தில் தோல் தொய்ந்துவிட்டது.

"ஊர்ல இந்தத் தொல்லை இருக்காதே?" என்றேன்.

"அங்க வேற தொல்லை சார். தூக்கம்."

தமிழ்நாட்டு மேளக்காரரின் வருமானம் பெரும்பாலும் முகூர்த்தத்தில். ராத்திரி ஓர் ஊரில் மாப்பிள்ளை அழைப்பு, விடிகாலை வேறோர் ஊரில் தாலிகட்டு. இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில், தாளம், சுருதிப்பெட்டி எல்லாம் ஒரே வேனில், தூக்கமும் அதில்தான். இவ்வளவு தூரம் போய் தோடியை எடுத்தால், கால்வாசி விரிவதற்குள் மேடையிலிருந்து விரல் ஆடும்: கெட்டிமேளம்! பிறகு சாப்பாட்டுப் பந்தி, புகைப்படக்காரர், ராகம் அவ்வளவுதான். ஆடியும் மார்கழியும் வந்தால் கல்யாண வருமானமும் இல்லை.

நான் யாழ்ப்பாணத்தில், அளவெட்டிப் பக்கம் வளர்ந்தவன். அங்கே கதை தலைகீழ். இணுவிலிலிருந்து மாவிட்டபுரம் சைக்கிளில் போகிற தூரம். வழி குறுகியது, இரவுதான் நீளம். கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஓர் உபயகாரருடையது. நேற்றையவர் மூன்று கூட்டம் மேளம் பிடித்தால் இன்றையவருக்கு ஐந்து வேண்டும், கௌரவப் பிரச்சினை. சுவாமி வீதி சுற்றி வந்த பிறகு மணலில் பாயை விரித்து, கச்சானை உடைத்துக்கொண்டு சனம் உட்கார்ந்துவிடும். மேளக்காரரும் உட்கார்ந்துவிடுவார். தவில் சமா தொடங்கினால் விடியும்வரை. நாகஸ்வரத்துக்குத் துணை என்ற நிலையை விட்டுத் தவில் தானே பேச ஆரம்பிக்கும். தவில் மேதை தெட்சிணாமூர்த்தி எங்கள் மண்ணில் உருவானதற்கு இந்த இரவுகளும் ஒரு காரணம் என்பது என் கட்சி. சோழமண்டலத்துக்காரர் மறுப்பார், மறுக்கட்டும்.

இரண்டு கரைக்கும் நடுவே போக்குவரத்து இருந்தது. எழும்பூரில் போட் மெயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை முதலிய பெரியவர்கள் அக்காலத்தில் கடல் தாண்டி வந்து வாசித்தவர்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைத் தின்றது. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறிச் சில காலம் ஓடியது, பிறகு அதுவும் போர்க்காலத்தில் நின்றது. ஊரடங்கு வந்தபோது எங்கள் 'விடிய விடிய'வும் போயிற்று. அதற்கு முன்பும் அது சொர்க்கமில்லை: திருவிழாக் காலம் முடிந்தால் மேளக்காரர் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று பாயில் உட்கார்ந்திருந்த நாங்கள் கேட்டதில்லை.

பேர்லேண்டில் தமிழ்நாட்டின் நீண்ட வழி உண்டு, யாழ்ப்பாணத்தின் நீண்ட இரவு இல்லை. பண்பாட்டுக் கலைஞர்களுக்கான பி-3 விசா, மூன்று விமானம், தவிலைச் சாமான் பெட்டியோடு போட்டுவிட்டு நெஞ்சு படபடக்க நிற்பது. இவ்வளவு தாண்டி வந்தவருக்குக் கிடைப்பது ஞாயிறு மாலை ஒரு புறப்பாடு. திங்கட்கிழமை எல்லோருக்கும் வேலை.

அன்று மல்லாரியோடு சுவாமி கிளம்பி, சுற்றி, உள்ளே வந்தாயிற்று. தீபாராதனை முடிந்து பிரசாத வரிசை நகர்ந்தது. தவில்காரர் வலக்கை விரல்களிலிருந்து கூடுகளைக் கழற்றி ஒரு டப்பாவில் போட ஆரம்பித்தார். மாவுப் பசை பூசிய துணியில் செய்து, கல்லாக இறுகியவை அவை. அப்போது எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் மடக்கு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, நேரே தவிலுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, ஒருக்கால் தனிய அடியுங்கோவன்."

தவில்காரர் நாகஸ்வரக்காரரைப் பார்த்தார். பிறகு டப்பாவைத் திறந்து, கூடுகளை ஒவ்வொன்றாக மறுபடி விரலில் செருகினார்.