ஆம்பூர்த் தோலும் அகன்ற ஒளியும்

ஒளியிழைகளில் நிறமாலை விரிவது பற்றி நம்மூர் ஆய்வாளர்கள் எழுதும் கட்டுரைகளை விடாமல் படிப்பவன் நான். பெரும்பாலும் கணினிக் கணக்கீடுகள். கணக்கில் குறை சொல்ல மாட்டேன். என் வழக்கெல்லாம் முடிவுரையில் வரும் ஒரு வரியோடுதான்: ‘மருத்துவத்திலும் சுற்றுச்சூழல் கண்காணிப்பிலும் பயன்படும்.’ எங்கே, எப்படின்னு ஒரு எண்கூட இருக்காது.

விஷயம் அழகானதுதான். ஒளி மிகச் செறிவாகும்போது கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணையே மாற்றிவிடும். மாறிய எண் திரும்ப ஒளியின் நிறத்தை மாற்றும். நம்ம திருச்சியில் பிறந்த ராமன் 1928-ல் கண்ட சிதறலும் சேர்ந்து சிவப்புப் பக்கம் இழுக்கும். 2000-ல் பெல் லேப்ஸில் ரங்காவும் கூட்டாளிகளும் காற்றுத்துளைகள் கொண்ட வெறும் 75 செ.மீ. இழைக்குள் 100 ஃபெம்டோநொடித் துடிப்புகளை அனுப்பி, 390 முதல் 1600 நானோமீட்டர் வரை விரித்துக் காட்டினார்கள். லேசர்போல் ஒரே புள்ளியில் குவிக்கக்கூடிய வெள்ளொளி.

இதை ஆம்பூருக்குக் கொண்டு வருவோம். டேனரிக் கழிவு, பாலாறு, குரோமியம். 1996-ல் உச்ச நீதிமன்றம் வரை போன கதை. நீர்நிலையில் விடும் கழிவில் ஆறு இணைதிறன் குரோமியத்துக்கான வரம்பு லிட்டருக்கு 0.1 மி.கி. டைஃபினைல்கார்பசைடு கலந்தால் ஊதா நிறம் வரும். 540 நானோமீட்டரில் அளப்பார்கள். அந்த வரம்பில், 1 செ.மீ. குப்பியில், ஏறத்தாழ 16 விழுக்காடு ஒளி குறையும் என்று கணக்கு வருகிறது. இதற்கு ஒரு சாதா ஹாலஜன் பல்பு போதுமே! ஒரே ஒரு அலைநீளம் தேவைப்படும் இடத்தில் ஆயிரம் நானோமீட்டர் அகலம் எதற்கு?

இதே ஊரில் அகலம் நிஜமாகவே தேவைப்படும் வேலை ஒன்று உண்டு. ஃபினிஷிங்கில் தோல்மேல் ஏறும் பூச்சு. அதன் சராசரித் தடிமன் 0.15 மில்லிமீட்டரைத் தாண்டினால், சர்வதேச வரையறைப்படி அதை ‘தோல்’ என்று விற்கவே முடியாது. ஏற்றுமதிக்காரருக்கு இது விளையாட்டில்லை. வழக்கமாகத் தோலை வெட்டி, குறுக்குவெட்டை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். கண் ஆஸ்பத்திரியில் எடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேன் வெட்டாமலே அடுக்குகளைக் காட்டும். அதில் ஒளி எவ்வளவு அகலமோ அவ்வளவு நுணுக்கம்: 1300 நானோமீட்டரை மையமாக வைத்தால், 50 நானோமீட்டர் அகலத்துக்கு 15 மைக்ரான், 400-க்கு 2 மைக்ரானுக்கும் கீழே.

ஆனால் இந்த அகலம் உச்சத்தில் பாதி உயரத்தில் எடுப்பது. நம் கட்டுரைகளோ மைனஸ் 40 டெசிபலில், அதாவது உச்சத்தின் பத்தாயிரத்தில் ஒரு பங்கில், அகலத்தை எடுத்துப் பெருமைப்படுகின்றன. அந்த வால் ஸ்கேனுக்கு உதவாது. போதாததற்கு, துடிப்புக்குத் துடிப்பு நிறமாலை ஆடுவதைப் பல கட்டுரைகள் தொடுவதே இல்லை. ஒரே துடிப்பை ஓட்டினால் ஆட்டம் எப்படித் தெரியும்?

கறுப்பு நிறமி பூசிய தோலில் ஒளி எவ்வளவு ஆழம் போகும் என்பது தனிக் கேள்வி. கார்பன் கறுப்பு எல்லா நிறத்தையும் விழுங்கிவிடும். நிறமி குறைந்த செமி-அனிலைன் தோலில் தொடங்கிப் பார்க்கலாம்.