பேய்க்கு உடல் கொடுத்தவர்: ராகவா லாரன்ஸ் படங்களில் பார்க்க வேண்டியதும் விட வேண்டியதும்

பேய்ப் படத்துக்கெல்லாம் விமர்சனமா என முகம் சுளிப்பவர்கள் நம்மில் உண்டு. இத்தாலிய இயக்குநர் டாரியோ அர்ஜெண்டோவின் 'சஸ்பீரியா'வை (1977) ஃபிலிம் சொசைட்டியில் தரையில் உட்கார்ந்து பார்க்கத் தயாராக இருப்பவர்கள், 'காஞ்சனா' என்றதும் 'அட, அதெல்லாம் மசாலாப்பா' என ஒதுக்கிவிடுகிறார்கள். எங்கள் பாகூர்ப் பக்கம் டிவியில் எத்தனை முறை போட்டாலும் ஜனங்கள் உட்கார்ந்து பார்க்கிற படம் அது. வெகுசன ரசனை எனச் சொல்லித் தள்ளிவிடுவது விமர்சனமாகாது. லாரன்ஸ் இயக்கிய பேய்ப் படங்களில் எதைப் பார்க்கலாம், எதை விடலாம் எனப் பிரிக்க எனக்கு ஒரு அளவுகோல்தான்: பேயாக வருவது யார், யாருடைய உடலில் வருகிறது?

நமது கிராமங்களில் பேய் என்பது தீர்ப்பு வராத வழக்கு. அநியாயமாகக் கொல்லப்பட்டவர்களைக் கும்பிடுகிற ஜனங்கள் நாம். காத்தவராயனும் மதுரை வீரனும் அப்படிச் சாமியானவர்கள்தாம். உடுக்கையடித்து 'யாரு நீ, எதுக்கு வந்த, உனக்கு என்ன வேணும்' எனக் கேட்பதும் ஒருவகை விசாரணையே. ஸ்டேஷனில் வாய் திறக்க முடியாமல் போனவர், செத்தபின் இன்னொருவர் வாயால் வாக்குமூலம் தருகிறார்.

அர்ஜெண்டோவின் பல படங்களில் கறுப்புக் கையுறையோடு வரும் கொலையாளியின் கைகள் அவருடைய சொந்தக் கைகள். கொல்கிறவனுக்கு அவர் கை கொடுத்தார். லாரன்ஸ் தனது முதல் இரு பேய்ப் படங்களில் கொல்லப்பட்டவருக்கு உடல் கொடுத்தார். இந்த வித்தியாசத்துக்காகவே அவரைப் பேச வேண்டியிருக்கிறது.

'முனி'யில் (2007) பேயாக வருபவர் குடிசைப் பகுதித் தலைவர் முனியாண்டி. ராஜ்கிரண் நடித்திருக்கிறார். பட்டா கிடைக்கும் என நம்பி அரசியல்வாதிக்கு ஓட்டுச் சேர்த்துக் கொடுத்து, பிறகு அவனாலேயே கொல்லப்பட்டவர். 'காஞ்சனா'வில் (2011) பேய் ஒரு திருநங்கை, நடித்தவர் சரத்குமார். பெற்றவர்கள் விரட்டிய காஞ்சனாவுக்கு அடைக்கலம் தருபவர் ஒரு முஸ்லிம் பெரியவர். காஞ்சனா இன்னொரு திருநங்கையை வளர்த்து டாக்டராக்குகிறாள். ஆஸ்பத்திரி கட்ட வாங்கிய நிலத்தை எம்.எல்.ஏ. பறித்துக்கொள்ள, காஞ்சனா, பெரியவர், அவருடைய மனவளர்ச்சி குன்றிய மகன் மூவரும் கொல்லப்பட்டு அதே நிலத்தில் புதைக்கப்படுகிறார்கள்.

இரண்டு படங்களிலும் பேயை எழுப்புவது நிலம் என்பதைக் கவனியுங்கள். பாகூர்ச் செப்பேட்டில், நிருபதுங்கவர்மப் பல்லவன் காலத்தில் இங்கிருந்த வேதக் கல்விச்சாலைக்கு 3 கிராமங்கள் தானமாகக் கொடுக்கப்பட்ட செய்தி இருக்கிறது. ஆயிரம் ஆண்டு தாண்டியும் அந்தப் பட்டா அழியவில்லை. முனியாண்டிக்கும் காஞ்சனாவுக்கும் அப்படிச் செப்பேடு ஏது? இல்லாதவர்களின் நில ஆவணம் பேயின் வாயில்தான் இருக்கிறது.

'காஞ்சனா'வின் கதாநாயகன் பயந்தாங்கொள்ளி. பேய் என்றால் அம்மா கோவை சரளாவின் இடுப்பில் ஏறி உட்கார்ந்துகொள்கிற ஆம்பளை. தமிழ் சினிமா கட்டமைத்த வீர ஆண் உடலை இந்தக் கேலி முதலில் கலைத்துப்போடுகிறது. கலைந்த உடலில்தான் காஞ்சனா புடவை கட்டி, பொட்டு வைத்து வர முடிகிறது. ஓட்டிவிட்ட பேயின் கதையைக் கேட்டபின் அவனே மனசாரத் தன் உடலைத் தருகிறான். கடைசியில் கொலைகாரன் கோயிலுக்குள் ஓடி ஒளிகிறான். வாசலில் தடுக்கப்பட்ட காஞ்சனா, சாமியிடம் நியாயம் கேட்டுவிட்டு உள்ளே நுழைகிறாள். ஆலய நுழைவு வரலாறு தெரிந்த எவருக்கும் இந்தக் காட்சி சும்மா பேய்ச் சண்டையாகத் தெரியாது. அனுமதி அங்கேயும் மேலிருந்துதான் வர வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

அடுத்து வந்த 'காஞ்சனா 2' (2015), டிவி சேனல்காரர்கள் பொய்ப் பேய் நிகழ்ச்சி எடுக்கப் போய் நிஜப் பேயிடம் மாட்டுவதில் தொடங்குகிறது. நல்ல பகடி. நித்யா மேனன் நடித்த மாற்றுத்திறனாளிப் பெண் கங்காவும் மனதில் நிற்கிறாள். ஆனால் பழிவாங்கும் மொட்டை சிவாவாக வருபவரும் லாரன்ஸ்தான். 'காஞ்சனா 3'இல் (2019) காளியும் அவரே. இங்கேதான் சரிவு. பேய்க்கும் நாயகனுக்கும் ஒரே முகம் வந்துவிட்டால், மற்றவர் எங்கே வந்து பேசுவது? நட்சத்திரம் தனக்குத் தானே உடல் கொடுத்துக்கொள்கிறது. மூன்று முறைப்பெண்கள் அவரைச் சுற்றிப் போட்டிபோடுகிறார்கள். பயந்த ஆம்பளையின் கேலி போய், ஆம்பளையின் கொண்டாட்டம் வந்துவிட்டது. அவர் படங்களில் மோசமானது இதுவே.

இந்திக்குக் கொண்டுபோன 'லக்ஷ்மி'யில் (2020) பேய் ஷரத் கேல்கர், வேறு முகம்தான். ஆனால் அக்ஷய்குமாரின் நாயகன் பேயை நம்பாத தைரியசாலி. பயம் போனதும் உடல் இளகுவதற்கான காரணமும் போய்விட்டது. அவசியமில்லாத படம்.

ஆக, 'காஞ்சனா'வைக் கட்டாயம் பாருங்கள், 'முனி'யைத் தேடிப் பாருங்கள், 'காஞ்சனா 2'ஐ கங்காவுக்காகப் பார்க்கலாம், மற்ற இரண்டையும் விட்டுவிடுங்கள்.

சிறந்த படத்திடமும் எனக்குச் சண்டை உண்டு. காஞ்சனா தியாகியாக இருந்தாக வேண்டியிருக்கிறது. டாக்டரை உருவாக்காத, கைதட்டிக் காசு கேட்கிற ஒரு திருநங்கை கொல்லப்பட்டிருந்தால் அந்த உடல் கிடைத்திருக்குமா? அந்தப் பாத்திரத்துக்கும் ஒரு ஆண் நட்சத்திரம்தான் தேவைப்பட்டார். தமிழ்நாட்டில் திருநங்கையர் நல வாரியம் 2008இல் வந்துவிட்டது. மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2014இல் வந்தது. வாடகைக்கு வீடு கேட்டால் மட்டும் 'இப்பதான் வேற ஆளுக்குக் குடுத்தேன்' என்கிறார்கள். செத்தவரைக் கும்பிடுவது நமக்குக் கைவந்த கலை. படம் முடிந்து டிவியை அணைத்தபின் நம் தெருவில் உயிரோடு நடந்துபோகிறவரிடம் எப்படிப் பேசுகிறோம் என்பதுதான் பாக்கி விமர்சனம். அதை நாம்தான் எழுத வேண்டும்.