ஐம்பதில் வந்த தோழமை

கி.பி. 1185-இல் மறைந்த அந்தலுஸிய மருத்துவ மேதை இப்னு துஃபைலின் ‘ஹய் இப்னு யக்ளான்’ தனிமையைப் போற்றும் நூல் என்பர் சிலர். நாம் அதற்கு உடன்படோம்.

ஆளற்ற தீவில் பெண்மானொன்றின் பாலுண்டு வளர்ந்த ஹய், ஐம்பதாம் வயதில்தான் அப்ஸாலைச் சந்திக்கிறான். ஞானத்தின் எல்லை கண்டவன், மாணவனாய் அமர்ந்து, பொருளைச் சுட்டச் சுட்டச் சொல் பயில்கிறான், நட்பு மலர்கிறது. பின்னர் அயல்தீவு மக்களிடம் ஆசானாய்ச் சென்று தோற்கிறான். நூலாசிரியரோ பழியை அம்மக்களின் சிற்றறிவின்மேல் சுமத்துகிறார். இதுவே நூலின் குறை. கற்க அமர்ந்தவனுக்குத் தோழன் கிடைத்தான். கற்பிக்க மட்டுமே சென்றவனுக்கு ஊர் கிடைக்கவில்லை.

எனினும், ஹய் தன் தீவுக்குத் தனியே திரும்பவில்லை. அப்ஸாலும் உடன் சென்றான். முதுமை நெருங்க, ‘பேசுவாரில்லையே’ என வருந்தும் நம் போன்ற ஆசிரியர்கள் இந்நூலைக் கண்ணாடியாகக் கொள்வது நலம்.