கோவலனின் தன்விசாரணை

சிலப்பதிகாரத்திலே தன்னைத் தானே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியவன் யார் என வினவினால், பாண்டியன் நெடுஞ்செழியனையே பலரும் சுட்டுவர். பட்டிமன்ற மேடைகள் அவனை அவ்வாறு உயர்த்திவிட்டன. ஆனால் அவனது விசாரணை கணப்பொழுதில் முடிந்துவிடுகின்றது. சிலம்பு உடைகின்றது, மணி தெறிக்கின்றது, உயிர் போகின்றது. தன் குற்றத்தை அறிந்தபின் அதனோடு வாழவேண்டிய இடர் அவனுக்கு நேரவில்லை. அவ்விடர் கோவலனுக்கே நேர்ந்தது.

கனாத்திறம் உரைத்த காதையில் வீடு திரும்பும் கோவலன் நாணுகின்றான். எதற்காக? முன்னோர் தேடிய பொருள் அழிந்து வறுமை வந்தமைக்காக. பழியோ வஞ்சகி என மாதவிமேற் சுமத்தப்படுகின்றது. இதனை மனமாற்றம் எனக் கொள்ளுதல் பொருந்தாது. கணக்குப் பார்க்கும் வணிகனின் கவலை என்பதே பொருந்தும்.

புறஞ்சேரி இறுத்த காதையில், மதுரை செல்லும் வழியில், கோசிகமாணி மாதவியின் ஓலையைக் கொணர்கின்றான். குற்றமற்ற அவள், தான் செய்த பிழை யாதென வினவிப் பொறுத்தருள வேண்டுகின்றாள். அதனைப் படித்த கோவலன் தீது தன்னுடையதே என உணர்கின்றான். உணர்ந்ததும் அவனது தளர்ச்சி நீங்குகின்றது. இவ்விடம் ஆழ்ந்து நோக்கற்பாலது. குற்றத்தை ஒப்புக்கொண்டவனுக்கு வந்தது வேதனையன்று, ஆறுதல்! அடுத்து அவன் செய்வது அதனினும் வியப்புக்குரியது. அவ்வோலையின் வாசகம் தன் பெற்றோரிடம் தான் கூறவேண்டியதற்கும் பொருந்துவதைக் கண்டு, அதனையே அவர்களிடம் காட்டும்படி கோசிகனிடம் கொடுத்துவிடுகின்றான். மன்னிப்புக் கேட்பதற்கும் அவனிடம் சொந்தச் சொல் இல்லை. தன்னால் வஞ்சிக்கப்பட்டவளின் சொல்லையே இரவல் பெறுகின்றான். இளங்கோவடிகள் இதனைக் கண்டிக்கவில்லை. நிகழ்ச்சியைக் கூறி அப்பாற் செல்கின்றார்.

சொந்தச் சொல் பிறப்பது கொலைக்களக் காதையிலேதான். மாதரியின் மனையில் உண்டபின், வீணரோடு திரிந்ததையும், பெற்றோர் ஏவலிற் பிழைத்ததையும், கண்ணகிக்கு இழைத்த சிறுமையையும் அவன் எடுத்துரைக்கின்றான். கண்ணகியும் அதனை மறுத்து அவனைத் தேற்றவில்லை. அவன் ஒழுக்கம் தவறியதை முகத்துக்கு நேரே கூறுகின்றாள். காப்பியத்தில் இவ்விருவரும் சமமாக நின்று பேசும் இடம் இதுவே என்பது என் கருத்து.

எனினும் அந்தக் குற்றப் பட்டியலில் மாதவிக்கு இழைத்த தீங்கு இடம்பெறவில்லை. ஓலையைக் கண்டபோது அவள் குற்றமற்றவள் என உணர்ந்தவன், அவளுக்கெனக் கோசிகனிடம் ஒரு மறுமொழியும் சொல்லி அனுப்பவில்லை. அவள் எழுதிய ஓலை மட்டும் புகாருக்குத் திரும்பியது; அதுவும் வேறொருவர் மனைக்கு.