திருச்சபையும் தொழிற்சாலையும்: அமெரிக்கச் சமூக நற்செய்தி மரபு

பாவம் தனிமனிதனின் நெஞ்சில் மட்டும் குடியிருக்கிறதா, சம்பளப் பட்டியலிலும் வாடகைச் சீட்டிலும் குடியிருக்கிறதா என்ற கேள்வியிலிருந்தே அமெரிக்காவின் சமூக நற்செய்தி மரபு பிறந்தது. உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தபின் அங்கே ரயில் பாதைகளும் எஃகு ஆலைகளும் சுரங்கங்களும் பெருகின. ஐரோப்பாவிலிருந்து வந்து குவிந்த ஏழைகள் நகரங்களின் நெரிசல் குடியிருப்புகளில் அடைந்தனர். புராட்டஸ்டன்ட் மேடைகளில் அதுவரை ஒலித்த போதனை எளியது: குடியை விடு, உழை, மனந்திரும்பு, மற்றதைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார். பன்னிரண்டு மணி நேரம் உழைத்தும் வாடகை கட்ட முடியாதவனிடம் இதைச் சொல்லச் சில போதகர்களுக்கு நா எழவில்லை. அவர்கள் தொடங்கிய மரபு பல பள்ளிகளாகக் கிளைத்தது. சீர்திருத்தத்தை அளக்க ஒவ்வொரு பள்ளியும் தனக்கென ஓர் அளவுகோல் வைத்திருந்தது. சொந்தச் சபையின் பணத்தையும் நிறத்தையும் அந்த அளவுகோல் தொட்டபோதுதான் பள்ளியின் உண்மையான தரம் வெளிப்பட்டது.

இம்மரபின் மூத்தவர் வாஷிங்டன் கிளாடன். காங்கிரிகேஷனல் சபைப் போதகரான இவர் 1882 முதல் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் ஊழியம் செய்தார். 1884இல் ஹாக்கிங் பள்ளத்தாக்கின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, சுரங்கக் கம்பெனியின் அதிகாரிகள் அவருடைய சபையிலேயே உறுப்பினர்களாக இருந்தனர். அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, சங்கம் வைப்பது தொழிலாளியின் உரிமை என்று அவர் பேசினார். 1905இல் இன்னும் பெரிய சோதனை வந்தது. வெளிநாட்டு மிஷன்களை நடத்திய அமெரிக்கன் போர்டுக்கு எண்ணெய் அதிபர் ஜான் டி. ராக்கஃபெல்லர் 1,00,000 டாலர் கொடுத்தார். போட்டியாளர்களை நசுக்கிச் சேர்த்த கறைபட்ட பணம் அது, சபை அதைத் தொடக்கூடாது என்றார் கிளாடன். பணம் தானாக வந்ததன்று, போர்டே கேட்டு வாங்கியது என்ற செய்தி பிறகு வெளியாகிச் சபைக்குச் சங்கடத்தைக் கூட்டியது. யாழ்ப்பாணத்தில் 1816இலும் மதுரையில் 1834இலும் பணி தொடங்கியது இதே அமெரிக்கன் போர்டுதான். மதுரை அமெரிக்கன் கல்லூரியின் வேர் அந்த மிஷனில் இருக்கிறது. காணிக்கை எங்கிருந்து வருகிறது என்று கேட்டதே கிளாடன் பள்ளியின் அளவுகோல்.

இறையியலில் இம்மரபுக்கு முதுகெலும்பு தந்தவர் வால்டர் ராஷன்புஷ். ஜெர்மானியப் பாப்டிஸ்ட் குடும்பத்தில் பிறந்த இவர், 1886இல் நியூயார்க்கின் ‘ஹெல்ஸ் கிச்சன்’ பகுதியை ஒட்டிய சிறு சபைக்குப் போதகராக வந்தார். ஆத்துமாக்களை இரட்சிக்க வந்த இளைஞர் அங்கே அடிக்கடி செய்ய நேர்ந்தது குழந்தைகளின் அடக்க ஆராதனை. காற்றும் வெளிச்சமும் இல்லாத அறைகளில் நோய் பரவிக் குழந்தைகள் மடிந்தன. பெற்றோர் எவ்வளவு பக்தியாக இருந்தும் பயனில்லை. நோயில் காது மந்தமானபின் 1897இல் ராச்செஸ்டர் இறையியல் கல்லூரிக்கு ஆசிரியராகச் சென்றார். ‘கிறிஸ்தவமும் சமூக நெருக்கடியும்’ என்ற நூல் 1907இல் வெளிவந்து அவரை நாடறியச் செய்தது. இறந்தபின் போய்ச் சேரும் இடமாக மட்டும் இறையரசைக் கருதக்கூடாது, இந்த மண்ணின் உறவுகள் நேராவதும் அதில் சேரும் என்பது அவர் கொள்கை. 1917இல் எழுதிய இறையியல் நூலில் இயேசுவைச் சிலுவையில் ஏற்றிய ஆறு பாவங்களை வரிசைப்படுத்தினார்: மதவெறி, ஊழலும் அரசியல் அதிகாரமும், நீதியின் சீரழிவு, கும்பல் வெறி, இராணுவ வெறி, வர்க்க இறுமாப்பு. ஆறும் கூட்டுப் பாவங்கள். நிறவெறிக்கு அந்தப் பட்டியலில் தனியிடம் கிடைக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இந்தச் சிந்தனையைச் சாதாரண வாசகரிடம் கொண்டு சேர்த்தவர் கன்சாஸ் மாநிலத்தின் டொபீகா நகரப் போதகர் சார்லஸ் ஷெல்டன். இயேசு இந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வார் என்று கேட்டு நடக்கும் ஊர்க்காரர்களின் கதையை 1896இல் ஞாயிறு மாலைகளில் அத்தியாயம் அத்தியாயமாகச் சபையில் வாசித்தார். நூலாக வந்தபோது பதிப்புரிமைப் பதிவில் ஏற்பட்ட கோளாறால் பல பதிப்பகங்கள் தத்தம் போக்கில் அச்சிட, அது உலகெங்கும் பரவியது. இலக்கியமாக அது பெரிய படைப்பில்லை. பரவியதில் அதற்கு ஈடும் இல்லை. 1908இல் புராட்டஸ்டன்ட் சபைகளின் கூட்டமைப்பு ஒன்று உருவானது. மெதடிஸ்டுகள் அதே ஆண்டு வகுத்த சமூக விசுவாசப் பிரமாணத்தை ஒட்டி, குழந்தைத் தொழில் ஒழிப்பு, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, வாழப் போதுமான கூலி, ஆபத்தில்லாத பணியிடம் ஆகியவற்றை அது தன் கோரிக்கைகளாக ஏற்றது. ஜேன் ஆடம்ஸ் 1889இல் சிகாகோவில் தொடங்கிய ‘ஹல் ஹவுஸ்’ போன்ற குடியிருப்பு இல்லங்கள், மத அடையாளத்தை முன்னிறுத்தாமல் இதே பணியைத் தெருவில் செய்தன.

எண்ணிக்கையில் மிகப் பெரிய பள்ளி மதுவிலக்குப் பள்ளி. 1874இல் தோன்றிய பெண்கள் கிறிஸ்தவ மதுவிலக்குச் சங்கத்தை 1879 முதல் 1898 வரை பிரான்சஸ் வில்லார்ட் வழிநடத்தினார். குடிகாரக் கணவனிடம் அடிபடும் மனைவிக்குச் சட்டத்தின் துணை வேண்டும் என்று தொடங்கிய சங்கம், பெண்களுக்கு வாக்குரிமை, எட்டு மணி நேர வேலை, சிறைச் சீர்திருத்தம் என்று விரிந்தது. வீட்டை விட்டு வெளியே வராத ஆயிரக்கணக்கான பெண்கள் மேடையேறியது இந்தச் சங்கத்தால்தான். ஆனால் கும்பல் கொலைகளை எதிர்த்துப் போராடிய கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் 1890களில் வில்லார்டை வெளிப்படையாகவே குற்றம் சாட்டினார். தென்மாநில வெள்ளையரின் ஆதரவைப் பெறக் கறுப்பின ஆண்களை இழிவாகச் சித்திரிக்கிறார் என்பது அவர் வாதம்; வரலாறு வெல்ஸின் பக்கமே நிற்கிறது. அரசியல் சட்டத்தின் 18ஆம் திருத்தத்தால் 1920 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த மதுவிலக்கு 1933இல் ரத்தானது.

கத்தோலிக்கர் வேறு வழியில் இதே இடத்துக்கு வந்தனர். அவர்களுடைய சபையில் தொழிலாளர்களே பெரும்பான்மை. அயர்லாந்து, இத்தாலி, போலந்து குடியேறிகளை விட்டுப் பிரிந்தால் சபையே இல்லை. 1887இல் கர்தினால் கிப்பன்ஸ் ‘உழைப்பின் வீரர்கள்’ என்ற தொழிலாளர் அமைப்புக்காக ரோமில் வாதாடினார். 1891இல் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் பற்றிய சுற்றுமடலை வெளியிட்டார். அதை அமெரிக்கப் பொருளாதாரத்துக்குப் பொருத்தியவர் அருள்தந்தை ஜான் ஏ. ரையன். குடும்பத்தைத் தாங்கும் கூலி கொடையன்று, மனிதனாகப் பிறந்ததாலேயே வரும் உரிமை என்று 1906இல் நூல் எழுதினார். அவர் வரைந்து 1919இல் ஆயர்கள் வெளியிட்ட திட்டம், குறைந்தபட்சக் கூலியையும் சமூகக் காப்பீட்டையும் கோரியது. உணர்ச்சியைவிடக் கணக்கை நம்பிய பள்ளி இது. இதே சபையில் டாரதி டே வேறு விதமானவர். பீட்டர் மொரினுடன் சேர்ந்து தொடங்கிய ‘கத்தோலிக்கத் தொழிலாளி’ இதழை 1933 மே 1 அன்று நியூயார்க் யூனியன் சதுக்கத்தில் ஒரு சென்ட் விலைக்கு விற்றார். அரசை நம்பாமல் ஏழைகளோடு ஒரே வீட்டில் தங்கி, ஒரே சூப்பைக் குடிப்பதே அவர் அளவுகோல். கிறிஸ்தவத்துக்கு வெளியே, யூத சமயத்தின் சீர்திருத்தப் பிரிவு 1885ஆம் ஆண்டு பிட்ஸ்பர்க் அறிக்கையிலேயே சமூக நீதியைச் சமயக் கடமையாக்கியிருந்தது.

கறுப்பினச் சபைகளுக்கு இந்தக் கேள்வி புதிதாக எழவில்லை. அடிமைக் காலத்திலிருந்தே ஆத்தும விடுதலையும் உடல் விடுதலையும் அங்கே ஒன்றுதான். 1900இல் போதகர் ரெவர்டி ரான்சம் சிகாகோவில் சபையையும் சமூகப் பணி இல்லத்தையும் ஒரே கூரையின்கீழ் நடத்தினார். 1936இல் கறுப்பின இறையியலாளர் ஹோவர்ட் தர்மன் குஜராத்தின் பர்தோலியில் காந்தியைச் சந்தித்துப் பேசினார். அகிம்சையின் தூய செய்தி ஒருவேளை கறுப்பின மக்கள் வழியாகவே உலகுக்குப் போய்ச் சேரலாம் என்று காந்தி அவரிடம் சொன்னார். இதற்கிடையே வெள்ளையர் பக்கத்தில் ரைன்ஹோல்ட் நீபர் சமூக நற்செய்தியின் நம்பிக்கைமீது குளிர்ந்த நீரை ஊற்றினார். டெட்ராய்ட்டில் 13 ஆண்டுகள் போதகராக இருந்து கார் ஆலைகளின் நிலவரத்தை அறிந்தவர் அவர். தனிமனிதன் நல்லவனாகலாம், கூட்டங்கள் தம் நலனைத் தாமாக விட்டுக்கொடுக்கமாட்டா, அழுத்தம் இல்லாமல் நீதி வராது என்று 1932இல் எழுதினார்.

இந்த ஓடைகள் மார்ட்டின் லூதர் கிங்கிடம் வந்து கலந்தன. ராஷன்புஷையும் நீபரையும் அவர் இறையியல் மாணவராகவே படித்தவர். பேருந்துகளில் நிலவிய நிறப் பாகுபாட்டை எதிர்த்து மாண்ட்கமரி நகரக் கறுப்பின மக்கள் நடத்திய பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள் நீடித்தபோது, இரவுக் கூட்டங்கள் நடந்ததும் மாற்றுக் கார்களுக்குப் பணம் திரண்டதும் தேவாலயங்களில்தான். 1963இல் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதம், நிதானம் பேசிய எட்டு வெள்ளை மதகுருக்களுக்குப் பதில். அவர்களைப் போன்றவர்களிடம் கொண்ட ஏமாற்றத்தை அதில் வெளிப்படையாகவே காட்டினார்.

மேடையில் அரசியல் வேண்டாம் என்ற எதிர்ப்பள்ளியும் எப்போதும் இருந்தது. வர்ஜீனியாவின் பாப்டிஸ்ட் போதகர் ஜெர்ரி ஃபால்வெல், ஊர்வலம் போவது போதகரின் வேலையன்று என்று 1965இல் பிரசங்கம் செய்தார். அவரே 1979இல் ‘ஒழுக்கப் பெரும்பான்மை’ என்ற வலதுசாரி அமைப்பைத் தொடங்கி ஆயிரக்கணக்கான போதகர்களை அரசியலுக்கு அழைத்தார். மறுபுறம், வில்லியம் பார்பர் என்ற கறுப்பினப் போதகர் 2013இல் வட கரோலினாச் சட்டமன்றத்தின் முன் ‘ஒழுக்கத் திங்கள்’ மறியல்களை நடத்தினார். கிங் தம் இறுதி மாதங்களில் திட்டமிட்ட ஏழை மக்கள் இயக்கத்தை 2018இல் பார்பரும் தோழர்களும் மீண்டும் தொடங்கினர்.