டச்சு அரண்மனை என்றொரு பெயர்

கொடைக்கானல் மலையடிவாரத்து ஊராகிய கெங்குவார்பட்டியிலிருந்து இரவில் வேன் ஏறினால், போடிமெட்டு, மூணாறு வழியே காலையில் கொச்சியை எட்டிவிடலாம். போர்ச்சுகீசியர் எழுப்பிய மாளிகையையும் கோட்டைகளையும் ஒரே நாளில் கண்டு திரும்பும் அத்தகைய சுற்றுலா ஒன்றில் நாமும் உடன் சென்றோம். கண்டவற்றைவிட, அவை நமக்குச் சொல்லப்பட்ட முறையே இங்கு ஆராயத்தக்கது.

முதலில் புனித பிரான்சிஸ் தேவாலயம். 1524இல் கொச்சியில் இறந்த வாஸ்கோடகாமா இங்குதான் அடக்கம் செய்யப்பட்டார். 1539இல் அவருடைய எச்சங்கள் போர்ச்சுகலுக்குக் கொண்டு செல்லப்பட்டன. வெறுங்கல்லறையின் முன் நின்று வழிகாட்டி இவற்றை உருக்கமாக உரைத்தார். 1502இல் ஹஜ் பயணிகளோடு மக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த கப்பலைப் பெண்டு பிள்ளைகளுடன் காமா எரித்த செய்தியை மட்டும் அவர் தொடவில்லை. இது முஸ்லிம்கள் புனைந்த பழியன்று. அதே கடற்படையில் வந்த தோமே லோபெஸ் என்னும் போர்ச்சுகீசியரே எழுதிவைத்த செய்தி.

அடுத்து மட்டாஞ்சேரி அரண்மனை. நாலுகெட்டு அமைப்பும், நடுமுற்றத்துப் பகவதி கோவிலும், இராமாயணச் சுவரோவியங்களும் நம்மை நெடுநேரம் நிறுத்திவைத்தன. 1555ஆம் ஆண்டளவில் போர்ச்சுகீசியர் கட்டி, கொச்சி அரசர் வீரகேரளவர்மருக்கு இதனை அளித்தனர். அருகிலிருந்த கோவிலைத் தாங்கள் கொள்ளையிட்டதால் விளைந்த சினத்தைத் தணிக்கவே கட்டினர் என்பர். வழிகாட்டியின் வாயிலோ அது 'அன்பளிப்பு' ஆகிவிட்டது! 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் பழுதுபார்த்ததால் மக்கள் இதனை 'டச்சு அரண்மனை' என்றே வழங்குகின்றனர்.

இவ்விடத்தில் போர்ச்சுகல் நாட்டையே ஒப்புநோக்கலாம். லிஸ்பனுக்கு அருகிலுள்ள சிந்த்ராவிலும் அரண்மனைகளை ஒருநாளில் சுற்றிக்காட்டுகிறார்கள். அங்கே மலையுச்சியில் முஸ்லிம்கள் எழுப்பிய கோட்டை ஒன்று உண்டு. 1147இல் அது கிறிஸ்தவ மன்னர் அஃபோன்ஸோ என்ரிக்கேயின் வசமாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னர் இரண்டாம் ஃபெர்னாண்டோ அதன் மதில்களைச் செப்பனிட்டார். எனினும் இன்றுவரை அதற்கு 'மூர்களின் கோட்டை' என்றே பெயர். வென்றவர் பெயரும் ஏறவில்லை, செப்பனிட்டவர் பெயரும் ஏறவில்லை. நம் நாட்டில் அந்த நிதானம் இல்லாமற் போனதேன்?

இத்தனைக்கும் இவ்வரண்மனை எழுந்த அதே நூற்றாண்டில் மறுதரப்பின் சான்று எழுத்தில் பதிவாகிவிட்டது. பொன்னானியின் ஷெய்கு ஜைனுத்தீன் மக்தூம் அரபியில் யாத்த 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' 1583 வரையிலான நிகழ்ச்சிகளைக் கூறுகிறது. கோழிக்கோட்டில் நாகூதா மித்கால் கட்டிய பள்ளிவாசல் ஹிஜ்ரி 915 ரமளானில், அதாவது 1510 ஜனவரியில், எரிக்கப்பட்டதும் அதில் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ். முஹம்மது ஹுசைன் நயினார் அந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1942இல் அது வெளிவந்தது. பெயரைக் கேட்ட மாத்திரத்தில் அதை வெறும் போர்முழக்கமென எண்ணுவோர் உளர். முதற்பகுதி அத்தன்மையதே. ஆனால் ஒரு பகுதி முழுவதையும் மலபார் இந்துக்களின் வழக்கங்களுக்கு ஒதுக்கியிருக்கிறார் ஆசிரியர். முஸ்லிம்களிடம் இந்து மன்னர்கள் காட்டிய பரிவையும் மறைக்காமல் எழுதுகிறார்.

நம்மவரும் குறையற்றவரல்லர். இவ்வரலாற்றை மேடைகளில் மதப்போராகச் சுருக்கிவிடுகிறோம். கொச்சி மன்னர் போர்ச்சுகீசியருடன் நின்றதும், கோழிக்கோட்டுச் சாமூதிரி முஸ்லிம் வணிகருடன் நின்றதும் மிளகு வாணிகத்தையும் அரசுப் போட்டியையும் ஒட்டியே. அதே சாமூதிரி மரபினர்தாம் 1600இல் போர்ச்சுகீசியருடன் கைகோத்து நான்காம் குஞ்ஞாலி மரைக்காயரின் கோட்டையை முற்றுகையிட்டனர். சரணடைந்த மரைக்காயர் கோவாவில் கொல்லப்பட்டார். இதைச் சொல்ல நம் பேச்சாளர்களுக்கு நா எழுவதில்லை.

மாலையில், வைப்பின் தீவின் வடகோடியிலுள்ள பள்ளிப்புரம் கோட்டைக்குச் சென்றோம். ஆறு முகங்கள் கொண்ட அச்சிறு கட்டடத்தைப் பார்த்து முடிக்கக் கால்மணி நேரமும் ஆகவில்லை. திரும்பும் வழியில் சிறுவனொருவன், "குஞ்ஞாலியின் கோட்டையை ஏன் காட்டவில்லை?" என்று கேட்டான். வடகரைக்கு அருகே இரிங்கலில் இருந்த அது அன்றே இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது என்றோம். "அப்படியானால் அந்த இடத்தையாவது காட்டலாமே" என்றான் அவன். வேன் மலையேறத் தொடங்கியிருந்தது.