சும்மா ஒரு ஃபார்ம்தான், மாமா

பொங்கல் லீவுக்குக் கண்டனூர் வந்திருந்தபோது அக்கா மகன் போனை நீட்டினான். மார்ச் மாதம் நண்பர்களோடு மேற்குத் தொடர்ச்சி மலையில் இரண்டு நாள் ட்ரெக்கிங். ஒரு தனியார் எஸ்டேட்டில் கூடாரம், காலையில் மலை ஏற்றம். முன்பணம் கட்டியாச்சு. நடத்துகிறவர்கள் அனுப்பிய படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

"சும்மா ஒரு ஃபார்ம்தான் மாமா, எல்லாரும் போடுறதுதான்" என்றான்.

முழுசாகப் படித்தேன். ஒன்றரைப் பக்கம். சாரம் இதுதான்: எனக்கு என்ன நேர்ந்தாலும், அது நடத்துகிறவர்களின் கவனக்குறைவால் நேர்ந்தாலும், நானே பொறுப்பு. எந்தப் பாதை, எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி, அவருக்கு என்ன பயிற்சி, பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று ஒரு வரி இல்லை. மார்ச் மாதம் மலைக்குக் கூட்டிப் போகிறவர்களின் தாளில் 'தீ' என்ற சொல்லே இல்லை.

மென்பொருள் உரிமங்களிலும் இப்படி ஒரு விதி உண்டு. 'உள்ளது உள்ளபடி தருகிறோம், உத்தரவாதம் இல்லை.' இருபது வருஷமாக அதைப் படிக்காமலே 'சம்மதம்' அழுத்துகிறவன் நான். ஆனால் செயலி நின்றுபோனால் மறுபடி ஓட்டிக்கொள்ளலாம். மலையில் அந்த வசதி கிடையாது.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் மலையேற வந்த இரண்டு குழுக்கள், கொழுக்குமலையிலிருந்து இறங்கும் சரிவில் காட்டுத்தீயில் சிக்கின. 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் என்னைப் போல ஐடியில் வேலை பார்த்தவர்கள். வழக்குப் பதிவானது, வனச்சரகர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார், அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. அனுமதி வாங்கினார்களா, எந்தப் பாதைக்கு வாங்கினார்கள் என்பதே அப்போது பெரிய விவாதம்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. காய்ந்த புல் சரிவில் தீ எப்படி ஓடும் என்பது ரகசியமில்லை. தீ மேல்நோக்கி ஏறும்போது சூடு முன்னால் உள்ள புல்லை முதலிலேயே உலர்த்திவிடுகிறது. சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது ஆஸ்திரேலியாவில் காட்டுத்தீயோடு மல்லுக்கட்டுகிறவர்களின் பொதுக் கணக்கு. மனுசன் அந்தச் சரிவில் ஓடி ஜெயிக்க முடியாது. ஊரிலிருந்து வருகிற பெண்ணுக்கோ பையனுக்கோ இது எப்படித் தெரியும்? பணம் வாங்கிக் கூட்டிப் போகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

'ஆபத்து இல்லேன்னா அது என்ன சாகசம்?' என்று கேட்பீர்கள். நியாயம்தான். பாறையில் கால் வழுக்குவது மலையேற்றத்தோடு கூடப் பிறந்த ஆபத்து, அதை நான் ஏற்கலாம். தீப்பருவத்தில் காய்ந்த புல்லுக்குள் கூட்டிப் போவது அடுத்தவர் எடுத்த முடிவு. படிவம் இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் கட்டிவிடுகிறது. எனக்குச் சொல்லாத ஆபத்துக்கு என் சம்மதம் எங்கிருந்து வரும்?

சட்டம் என்ன சொல்கிறது? பிரிட்டனில் சட்டப்படி, தொழில் நடத்துகிறவரின் கவனக்குறைவால் சாவோ காயமோ நேர்ந்தால், எந்தக் கையெழுத்தைக் காட்டியும் அவர் தப்ப முடியாது. நம்மிடம் அவ்வளவு நேரான வரி இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று பொதுவாகச் சொல்வதோடு நிற்கிறது. ஆனால் 1995-ல் பியாஸ் ஆற்றங்கரைக்குச் சுற்றுலா போன பள்ளிப் பிள்ளைகள் 14 பேர் மூழ்கி இறந்த வழக்கில், ஆசிரியர்களின் கவனக்குறைவுக்குப் பள்ளி நிர்வாகமும் பொறுப்பு என்று 2001-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிள்ளைக்கு 5 லட்ச ரூபாய் இழப்பீட்டையும் உறுதி செய்தது. ஆக, வழி இருக்கிறது. சாவுக்குப் பிறகு ஆறு வருஷம் நடக்க வேண்டிய வழி.

சாவுக்கு முன்னால் என்ன செய்யலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல பாடம் இங்கிலாந்தின் லைம் விரிகுடா. 1993-ல் அங்கே படகோட்டப் போன நான்கு மாணவர்கள் கடலில் இறந்தார்கள். அதற்கு முன்பே, அந்த மையத்தில் வேலை பார்த்த இரண்டு பயிற்சியாளர்கள் பாதுகாப்பு சரியில்லை என்று நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். எங்கள் தொழிலில் சொன்னால், பக் ரிப்போர்ட் வந்துவிட்டது, யாரும் திறந்து பார்க்கவில்லை. அந்தக் கடிதமே வழக்கில் முக்கியச் சாட்சியாகி, நிர்வாக இயக்குநர் சிறைக்குப் போனார். 1995-ல், சிறுவர்களுக்குச் சாகச விளையாட்டு நடத்தும் மையங்கள் உரிமம் வாங்க வேண்டும் என்று சட்டம் வந்தது.

குரங்கணிக்குப் பிறகு நம் அரசும் சும்மா இருக்கவில்லை. 2018-லேயே மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' 40 பாதைகளோடு தொடங்கியது. மூன்று தரம், உள்ளூர் வழிகாட்டிகள், இணையத்தில் முன்பதிவு. தீப்பருவத்தில் பாதைகளை மூடுகிறார்கள். இது உண்மையான முன்னேற்றம். ஆனாலும் எனக்கு இரண்டு குறை. ஒன்று, அந்த விதிகள் காட்டுக்கும் வனவிலங்குப் பகுதிக்கும் உரியவை. தனியார் எஸ்டேட்டுக் கூடாரத்தையும் ஜிப்லைனையும் யார் பார்ப்பது? இரண்டு, பாதையை மூடும் அதிகாரமும் டிக்கெட் விற்கும் வேலையும் ஒரே துறையின் கையில் இருக்கின்றன. கோட் எழுதினவனே டெஸ்ட் பண்ணி 'பாஸ்' போட்டால் என்ன ஆகும் என்று என்னைக் கேளுங்கள்.

சாகசச் சுற்றுலாவில் பங்கேற்பவருக்கு என்னென்ன தகவல் தர வேண்டும் என்பதற்கென்றே ஐஎஸ்ஓ 21103 என்று ஒரு தரம் 2014 முதல் இருக்கிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் வட்டிக்கடைப் பேரேட்டில் பற்று எழுதினால் எதிரே வரவு இருக்கும். இந்தப் படிவத்தில் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கிறது. நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றால், எதிர்ப்பக்கத்தில் நடத்துகிறவரும் போட வேண்டும்: பாதை இது, வழிகாட்டி இவர், தீயோ மழையோ வந்தால் வெளியேறும் வழி இது, ரத்து செய்யும் முடிவு இன்னாருடையது.

இந்த நான்கையும் கேள்விகளாக்கி அக்கா மகன் வாட்ஸப்பில் அனுப்பினான். "அதெல்லாம் அங்க வந்ததும் சொல்லுவோம் ப்ரோ" என்று பதில் வந்தது. ஃபார்மைத் திரும்பக் கேட்டு இரண்டு தடவை நினைவூட்டலும் வந்துவிட்டது. அவன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. முன்பணம் போனால் போகட்டும் என்று அக்கா சொல்லிவிட்டாள்.